தட்டாமல் நுழைந்தவள்

சத்தம் நின்ற பிறகுதான் சிந்துஜாவுக்கு உறைத்தது, நீலச் சட்டையைப் போடாமல் உள்ளே வந்துவிட்டோம் என்று. கோழிக் கொட்டகைக்குள் எந்நேரமும் ஒரு சத்தம் இருக்கும். ஐயாயிரம் கோழியும் தனக்குத்தானே முனகிக்கொண்டிருக்கும், பெரிய அண்டாவில் சோறு கொதிக்கிற மாதிரி. கேட்டுக் கேட்டு அது காதிலேயே விழாது, நின்றால்தான் விழும். இப்போது நின்றுவிட்டது. ஐயாயிரம் கழுத்தும் நீண்டிருக்கிறது. ஒவ்வொன்றும் தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் அவளையே பார்க்கிறது. அவள் போட்டிருப்பது கிளிப்பச்சைச் சுடிதார். இன்றைக்குப் பரீட்சைக்குப் போட்டுக்கொண்டு போகவென்று அம்மா வாரச்சந்தையில் எடுத்தது, ஷாலில் சமிக்கி வேறு. குஞ்சாக இந்தக் கொட்டகையில் இறங்கிய நாளிலிருந்து இந்தக் கோழிகள் பார்த்த மனுசர்கள் எல்லாரும் நீலம். அம்மா நீலம், அப்பா நீலம், சிந்துஜா நீலம். அப்பா முன்பு மில்லுக்குப் போட்டுக்கொண்டு போன பழைய சட்டைகள் வாசலில் ஆணியில் தொங்கும், யார் உள்ளே போனாலும் ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டுதான் போகவேண்டும். நீலம் வந்தால் தீனி வரும், தண்ணி வரும். கிளிப்பச்சை வந்தால் என்ன வரும் என்று அவற்றுக்குத் தெரியாது. தெரியாதது எல்லாம் சாவு, கோழியின் கணக்கு அவ்வளவுதான். அசையாதே, என்று அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள். கையைத் தூக்காதே, தலையைத் திருப்பாதே, மூச்சைக்கூடப் பார்த்து விடு. நட்டநடுக் கொட்டகையில் நிற்கிறாள். வாசல் முதுகுக்குப் பின்னால் எங்கேயோ இருக்கிறது.

ஒன்று ஓடினால் போதும். ஏன் ஓடுகிறது என்று பக்கத்துக் கோழி கேட்காது, அதுவும் ஓடும். ஓடுவதற்கு எங்கே இடம், மூலைக்குத்தான். முதலில் போனது சுவரில் முட்டி நிற்கும், அடுத்தது அதன் மேல் ஏறும், அதன் மேல் இன்னொன்று. மாசி நோம்பிக்கு ஊருக்குள் வெடி வைத்தார்களே, அன்றைக்கு அப்படித்தான் குவிந்தது. அம்மாவும் அவளும் அப்பாவும் மூலையில் கையை விட்டு அள்ளி அள்ளிப் பின்னால் போட்டார்கள். மேலே இருந்தவை இறங்கிப் போய் அடுத்த நிமிஷமே தீனி தின்ன ஆரம்பித்தன, ஒன்றுமே நடக்காத மாதிரி. கோபம் கோபமாக வந்தது அவளுக்கு. அடியில் இருந்தவற்றின் மேல் ஒரு காயமில்லை. ஒரு இறகு கலையவில்லை. மடியில் தூங்குகிற பூனை மாதிரிச் சூடாக இருந்தன, அவ்வளவுதான், உயிர் இல்லை. நாய் கடிக்கவில்லை, கீரி வரவில்லை, ஒன்றுக்கொன்று பகையும் இல்லை. பயம் ஏறி மிதித்தே செத்துப்போயிருந்தன. குஞ்சும் தீனியும் இறக்குகிற கம்பெனியின் சூப்பர்வைசர் வந்து பார்த்துவிட்டு, இன்னொரு தடவை இப்படிக் குவிந்தால் அடுத்த குஞ்சு இறங்காது, கொட்டகையை நெல் காயப்போட வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனான். அந்த இன்னொரு தடவை இப்போது அவள் கையில் இருக்கிறது. கையில்கூட இல்லை, ஷாலில் இருக்கிறது. ஷாலின் ஒரு முனை காற்றில் லேசாக எழும்புகிறது.

காற்றினால்தான் எல்லாம். பல்லடம் பக்கத்தில் ஆனி பிறந்தால் மேற்கே கணவாயிலிருந்து காற்று கிளம்பிவிடும், நிற்கிற சைக்கிளைத் தள்ளும், காயப்போட்ட துணியை அடுத்த தோட்டத்துக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும். கொட்டகையின் மேற்குப் பக்கம் கம்பி வலைக்குப் படுதா கட்டியிருக்கிறது. அவள் தலைவாரி, பேனா எடுத்து, ஹால் டிக்கெட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தபோது படுதாவின் கயிறு அறுந்தது. வீட்டில் யாரும் இல்லை. அப்பா மருந்து வாங்கப் பல்லடம் போயிருந்தார். அம்மா, நீ வெசயா வந்து சேரு, நான் போயி பஸ்ஸை நிறுத்தி வெக்கறேன் என்று ரோட்டுக்கு ஓடியிருந்தாள். பஸ்ஸை நிறுத்தி வைப்பது அம்மாவுக்குப் பெரிய காரியமே இல்லை, ஒரு காலைப் படியில் வைத்துக்கொண்டு டிரைவரிடம் ஊர் நியாயம் பேசுவாள். படுதா உள்பக்கமாகப் படார் படார் என்று அடித்தது. சிந்துஜா பையைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். இதுதான் நடந்தது. இல்லை, இதில் ஒன்றை அவள் விட்டுவிட்டாள், அதைப் பிறகு நினைத்துக்கொள்ளலாம், இப்போது ஷால். வலது கை தொடைப் பக்கம் இருக்கிறது. விரலை மட்டும் நகர்த்து. சுண்டுவிரல், மோதிரவிரல். ஷாலின் ஓரம் விரலில் பட்டது, போனது. காற்று அதை எடுத்துத் தோளுக்கு மேலே விரித்தது. கூரைத் தகரத்து ஓட்டை வழியாக வந்த வெயிலில் சமிக்கி மின்னி, தரையில் ஒரு நிழல் ஓடியது, இறக்கை மாதிரி.

வடக்கு மூலைப் பக்கம் ஒரு கூட்டம் எழுந்து ஓடியது. போச்சு என்று நினைத்தாள். ஓடியவை பத்தடி போய் நின்றன. ஏன் நின்றன என்று அவற்றுக்கே தெரியாது. இந்தக் கோழிகளில் ஒன்றுகூடப் பருந்தைப் பார்த்ததில்லை. பார்க்கவும் போவதில்லை, கொட்டகையிலிருந்து லாரிக்குப் போகும்போதுதான் வானத்தையே பார்க்கும். ஆனால் நிழல் ஓடினால் பதறுகிறது. யார் சொல்லிக் கொடுத்தார்கள்? முட்டைக்குள்ளேயே வந்துவிடுகிறது போல, மஞ்சள் கருவோடு சேர்ந்து. அவளுக்கும் அப்படி வந்ததுதானோ என்னவோ. அம்மா வயிற்றில் இருக்கும்போது அம்மா என்னத்தைப் பார்த்துப் பயந்தாளோ. ஷாலின் முனை திரும்பக் கீழே வந்தது, இந்தத் தடவை அவள் விட்டுவிடவில்லை. இரண்டு விரலில் பிடித்து, மெதுவாக, சீலைப்பேன் ஊர்கிற வேகத்தில் உள்ளங்கைக்குள் சுருட்டினாள். சமிக்கி ஒவ்வொன்றாக உள்ளே போனது.

இப்போது குரல் கொடுக்கவேண்டும். நிறம் தெரியாவிட்டாலும் குரல் தெரியுமே. பா, பா, பா என்று தாழ்ந்த குரலில் இழுத்தால் போதும், தினமும் காலையில் கொடுக்கிறதுதான். உள்ளே வருவதற்கு முன்னால் தகரக் கதவில் இரண்டு தட்டு, அப்புறம் பா பா, அப்புறம் கதவு, அப்புறம் காலைத் தூக்காமல் தரையோடு தரையாகத் தேய்த்து நடப்பது. குஞ்சு பருவத்தில் காலைத் தூக்கி வைத்தால் கீழே ஒன்று மாட்டும், அதனால் தேய்த்துத்தான் நடக்கவேண்டும். இதெல்லாம் கொட்டகைக்கு. ஆனால் கொட்டகையோடு நிற்கவில்லை. அம்மா சமையல்கட்டுக்குள் நுழையும்போதே கதவில் இரண்டு தட்டுத் தட்டுவாள், உள்ளே யாரும் இல்லாவிட்டாலும். அப்பா டிவிஎஸ்ஸைத் தென்னைமரத்தடியிலேயே அணைத்துவிட்டு வீடு வரைக்கும் தள்ளிக்கொண்டு வருவார், கொட்டகையில் கோழி இல்லாத மாசத்திலும் தள்ளுவார். கோபம் வந்தால் உட்கார்ந்துவிடுவார், நின்றுகொண்டு சத்தம் போட்டால் கோழி பதறும் என்று பழகிப்போய். கல்யாண வீட்டில் மூன்று பேரும் காலைத் தேய்த்து வரிசையாகப் போவதைப் பார்த்துச் சித்தப்பா, மெழுகி விடறதுக்குக் கூலி குடுத்தாங்களா என்று கேட்டார். பள்ளிக்கூடத்தில் அவள் வகுப்புக் கதவைத் தட்டிவிட்டுத்தான் நுழைவாள். கதவு திறந்தே கிடக்கும், நிலையைத் தட்டுவாள். கூடப் படிக்கிற லாவண்யா, கோழி வந்திருச்சு, எந்திரிச்சு முட்டை எடுங்கடி என்பாள். சிரிப்பார்கள். சிந்துஜாவும் சிரிப்பாள். சிரிக்காவிட்டால் விடமாட்டார்கள். வாயைத் திறந்தாள். பா வரவில்லை. தொண்டையில் துணி வைத்து அடைத்த மாதிரி இருந்தது. இந்த அடைப்பு அவளுக்குத் தெரியும். இதே அடைப்புதான், பங்குனியில், பிளஸ் டூ கணக்குப் பரீட்சை ஹாலில். இன்றைக்கு மறுபடி எழுதப் போவதும் அதே பரீட்சையைத்தான்.

கணக்கு வராமல் ஓடியிருந்தால் அது ஒரு கதை. அவளுக்குக் கணக்கு வரும், அதுதான் எரிச்சல். பூனை ஒன்று முன்பு வீட்டில் இருந்தது, பரணில் ஏறுவதற்கு முன்னால் இறங்குகிற வழியைப் பார்த்து வைத்துக்கொண்டுதான் ஏறும். அதைப் பார்த்துப் பார்த்து அவளும் எங்கே போனாலும் வாசல் பக்கமாகத்தான் உட்காருவாள், பஸ்ஸில், வகுப்பில், சினிமாவில்கூட. பரீட்சை ஹாலில் நம்பர்படி. அவள் நம்பர் நட்டநடுவில் விழுந்தது. நாலாபக்கமும் முதுகு. கேள்வித்தாளைக் கொடுத்துக் கவிழ்த்து வைக்கச் சொன்னார்கள். மணி அடித்தது. எல்லாரும் ஒரே நேரத்தில் திருப்பினார்கள், இறக்கை உதறின மாதிரி ஒரு சத்தம், அதற்குப் பிறகு சத்தமே இல்லை. அந்தச் சத்தமில்லாமை இருக்கிறதே, அது ஹாலுக்குள் வந்த சத்தமில்லாமை இல்லை, கொட்டகையிலிருந்து வந்தது. நோம்பி வெடிக்கும் கோழிகள் ஓடினதற்கும் நடுவில் ஒரு நொடி இருந்தது. முன் பெஞ்சில் ஹரிணி என்கிற பெண் தாளைப் பார்த்தபடியே அழ ஆரம்பித்தாள், சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்கியது. அவ்வளவுதான். இப்போது எல்லாரும் எழுந்து ஓடப்போகிறார்கள், மூலையில் குவியப்போகிறார்கள், நாம் அடியில் இருக்கப்போகிறோம், சூடாக, ஒரு காயமும் இல்லாமல். சிந்துஜாவின் கால் அவளைக் கேட்கவில்லை. பெஞ்சை இடித்துக்கொண்டு வராந்தாவில் வந்துதான் நின்றது. என்னம்மா வயித்து வலியா என்று கேட்டார்கள், ஆமாம் என்று தலையாட்டினாள். உள்ளே யாரும் ஓடவில்லை. ஹரிணிகூட ஓடவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுதி முடித்துப் பாஸாகிவிட்டாள், இப்போது கோயமுத்தூரில் ஏதோ காலேஜில் சேரப்போகிறாளாம். ஹால் முழுக்க ஓடின கோழி ஒன்றே ஒன்றுதான்.

ரோட்டிலிருந்து ஹாரன் கேட்டது. நீளமாக ஒன்று, பிறகு பொறுமையில்லாமல் இரண்டு. பஸ் வந்து நிற்கிறது. அம்மா காலைப் படியில் வைத்திருப்பாள். கோழிகள் கழுத்தை இன்னும் கொஞ்சம் நீட்டின. தெற்கே ஒரு கூட்டம் எழுந்து நின்றது. படுதா இன்னொரு தடவை அடித்தது. அவளுடைய முழங்கால் நடுங்குகிறது, நடுங்கினால் பேண்ட் துணி ஆடும், ஆடினால் அவற்றுக்குத் தெரியும். நடுங்காதே என்று சொன்னால் நிற்கிற சாமானா முழங்கால். வாசலுக்கு ஓடிவிடலாமா? நாலு எட்டுத் தாவினால் வெளியே. நாய் துரத்தினாலும் இப்படித்தான் தோன்றும். ஓடினால்தான் துரத்தும் என்று தெரியும், தெரிந்தும் கால் ஓடும். ஓடிவிட்டால் இவை எல்லாம் ஓடும், பஸ்ஸும் போகும், பரீட்சையும் போகும், அதற்கப்புறம் எதற்கும் பயப்பட வேண்டியதில்லை, பயப்பட ஒன்றும் மிச்சம் இருக்காது. அது நல்லாத்தான் இருக்கும் என்று ஒரு நொடி தோன்றியது. அப்போதுதான் விட்டுவைத்திருந்த அந்த ஒன்று தானாக மேலே வந்தது. கயிறு அறுந்தபோது அவள் பதறவில்லை. சந்தோஷப்பட்டாள். அப்பாடா என்று இருந்தது. படுதாவைக் கட்டப் போனேன், பஸ் போய்விட்டது, நான் என்ன செய்ய என்று சொல்லிவிடலாம், யாரும் ஒன்றும் சொல்லமுடியாது. அந்தச் சந்தோஷத்தில்தான் சட்டை மறந்தது. அந்தச் சந்தோஷத்தில்தான் தட்டாமல் நுழைந்தாள். இத்தனை வருஷத்தில் ஒரு நாள் மறந்ததில்லை, காய்ச்சலில் மறந்ததில்லை. பயம் மறக்க வைக்காது. பயத்திலிருந்து தப்பிக்க ஒரு சந்து கிடைத்ததே, அதுதான் மறக்க வைத்தது. சீ என்று இருந்தது அவளுக்கு.

மாசி நோம்பிக் குவியலில் ஒரு நொண்டிக் கோழி பிழைத்தது. கால் இரண்டும் பக்கவாட்டில் சாய்ந்து, நடக்கவே முடியாதது. எல்லாம் ஓடும்போது அதால் ஓட முடியவில்லை, தண்ணிக் குழாய்க்கு அடியில் அப்படியே உட்கார்ந்திருந்தது. குவியலை அள்ளி முடித்துத் திரும்பினால் அது மட்டும் தனியாக, காலியான தரையில், தண்ணி குடித்துக்கொண்டிருந்தது. தைரியசாலி எல்லாம் இல்லை. அதுவும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது, பக்கத்தில் போய்ப் பார்த்தாள், இறகெல்லாம் நடுங்கியது. நடுங்கிக்கொண்டே குடித்தது. சிந்துஜாவின் முழங்கால் மடிந்தது. மடக்கினாளா, தானாக மடிந்ததா, அவளுக்கே தெரியவில்லை. மெதுவாக, மிக மெதுவாக, கிளிப்பச்சை கீழே இறங்கியது. தரையில் பரப்பிய தேங்காய் நார் மஞ்சியும் கோழி எச்சமும் புதுத் துணியில் ஈரமாக ஒட்டியது. உட்கார்ந்ததும் உலகம் வேறு மாதிரி ஆகிவிட்டது. அவள் கண்ணும் கோழிக் கண்ணும் ஒரே உயரம். எதிரில் இருந்த ஒன்று தலையை இந்தப் பக்கம் திருப்பி ஒரு கண்ணால் பார்த்தது, அந்தப் பக்கம் திருப்பி இன்னொரு கண்ணால் பார்த்தது. அவளுக்கு அழுகை வந்தது. அழுகை வந்த வழியில் தொண்டையும் கொஞ்சம் திறந்துகொண்டது. பா, என்றாள். காற்றுதான் வந்தது. பா. பா. மூன்றாவது கொஞ்சம் பா மாதிரி இருந்தது. எதிரில் இருந்தது கழுத்தைக் கொஞ்சம் சுருக்கியது. பா, பா, பா. ஏதோ ஒரு ஓரத்தில், எங்கே என்று தெரியவில்லை, ஒரே ஒரு கோழி முனகியது.

ரோட்டில் பஸ் கிளம்புகிற சத்தம். கியர் மாறி, உறுமி, தேய்ந்து, போய்விட்டது. இப்போது அம்மா வருவாள். அம்மா எப்படி வருவாள் என்று தெரியும், செருப்பு படபடக்க, அடியே எங்கடி தொலைஞ்சே என்று தோட்டத்துக்கே கேட்கிற மாதிரி. கதவைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றால் தீர்ந்தது. செருப்புச் சத்தம் கேட்டது. வேகமாக, அடித்து அடித்து, கோபமான செருப்பு. கிட்டத்தில் வருகிறது. வீட்டைத் தாண்டியது. கொட்டகைச் சுவரோரம் வருகிறது. வராதே வராதே வராதே. கோழிகள் வாசல் பக்கம் தலையைத் திருப்பின. செருப்பு நின்றது. பிறகு, சர், சர் என்று மண்ணில் கால் தேய்கிற சத்தம். பிறகு தகரத்தில் இரண்டு தட்டு. எப்போதும் தட்டுகிற அதே தட்டு, கூட்டியும் இல்லை குறைத்தும் இல்லை. சிந்துஜா கண்ணை மூடிக்கொண்டாள். இத்தனை கோபத்திலும் அம்மாவுக்கு அது மறக்கவில்லை.

கதவு விரலகலம் திறந்தது. அம்மா கோழிக்குப் பேசுகிற குரலில், தாலாட்டுகிற மாதிரி இழுத்து இழுத்துப் பேசினாள்.

“அப்படியே இரு கண்ணு... எந்திரிக்காத... சட்டை எங்க சாமி...”

“ஆணியில...” அவளும் அதே ராகத்தில் சொன்னாள்.

“உன்னப் பெத்ததுக்கு ரெண்டு எருமைய வளத்திருந்தா பாலாச்சும் கறந்திருக்கும்... பா... பா... பா...”

சிந்துஜாவுக்குச் சிரிப்பு வந்துவிடும் போலிருந்தது. சிரித்தால் அசைவாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள். அம்மா சுற்றிக்கொண்டு மேற்குப் பக்கம் போய், வெளியிலிருந்தே வலைக்குள் விரலை விட்டுப் படுதாவைப் பிடித்து இழுத்துக் கட்டினாள். காற்று நின்றது. கோழிகளுக்கு நடுவில் அண்டாச் சோறு மெல்லக் கொதிக்க ஆரம்பித்தது, இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம். ஒன்று வந்து அவள் ஷாலின் சமிக்கியைக் கொத்திப் பார்த்தது. அம்மா படுதா இல்லாத கிழக்குப் பக்கம் சுற்றி வந்து, வலைக்கு வெளியே குந்தினாள்.

“பஸ் போயிருச்சாம்மா...”

“போயிருச்சு... உங்கப்பன் போன் பண்ணுனாரு, கெளம்பி வந்துட்டிருக்கறாரு... வண்டியில போனா பரீச்சைக்கு முன்னால போயிரலாம்...”

மறுபடியும் அந்த ஹால் வந்தது. நாலாபக்கமும் முதுகு. கோழிகளின் முனகல் ஒரு நொடி குறைந்த மாதிரி இருந்தது, அவளுடைய காதில்தான் குறைந்ததோ என்னவோ. சொல்லிவிடவேண்டும் என்று தோன்றியது. இந்த ராகத்தில் சொன்னால் எதுவும் பெரிதாகக் கேட்காது.

“கயிறு அறுந்தப்போ எனக்குச் சந்தோசமா இருந்துச்சும்மா...”

அம்மா வலையில் விரலைக் கோத்துக்கொண்டு கோழிகளைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பா பா என்று மட்டும் சொன்னாள். பிறகு, அதே குரலில்,

“பஸ் போனப்போ எனக்குந்தான்... கால எடுத்துட்டேன் படியிலிருந்து... போன தடவ நீ வந்து நின்ன கோலத்த நெனச்சு...” என்றாள்.

அம்மா காலை எடுத்துவிட்டாள். நினைத்திருந்தால் நிறுத்தியிருப்பாள், அரை மணி நேரம்கூட நிறுத்துவாள், அவளாகவே எடுத்துவிட்டாள். சிந்துஜா வலைக்குள்ளிருந்து அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அம்மா பக்கவாட்டில் பார்த்துக்கொண்டிருந்தாள், ஒற்றைக் கண் மட்டும் தெரிந்தது. ஒருத்தி ஓடினால் பக்கத்தில் இருப்பவளும் ஓடுவாள், அவள் அம்மாவாகவே இருந்தாலும். பங்குனியில் இவள் ஓடிய ஓட்டம் இன்னும் இந்த வீட்டுக்குள் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. தென்னைமரத்துப் பக்கம் டிவிஎஸ் சத்தம் வந்து, பட்டென்று அணைந்தது. இனி அப்பா தள்ளிக்கொண்டு வருவார். அவர் முகத்திலும் அம்மாவின் பயமேதான் இருக்கும் என்று இங்கிருந்தே தெரிந்தது. யாரும் போ என்று சொல்லப்போவதில்லை. சொல்லியிருந்தால் மாட்டேன் என்றாவது சொல்லியிருக்கலாம், இனி அவளாகத்தான் போகவேண்டும்.

எழுந்திருப்பதுதான் கஷ்டம். முதலில் ஒரு கையை ஊன்றி, பா பா என்று சொல்லிக்கொண்டே, அங்குலம் அங்குலமாக உயர்ந்தாள். கழுத்துகள் நீண்டன. நின்றாள், நீண்ட கழுத்துகள் சுருங்கும் வரைக்கும் நின்றாள். முழங்கால் நடுங்கியது. நடுங்கட்டும். திரும்பி, காலைத் தூக்காமல், தேய்த்துத் தேய்த்து நடந்தாள். கோழிகள் வழிவிட்டு விலகி, அவள் தாண்டியதும் பின்னால் சேர்ந்துகொண்டன. அப்பா நேராக ஹாலுக்குக் கொண்டுபோய் விடுவார். அதே பெஞ்சு இருக்கும், அதே மணி இருக்கும், தாளைத் திருப்புவார்கள், சத்தம் நிற்கும். எவளாவது அழுவாள், ஒருத்தி இல்லாவிட்டால் ஒருத்தி. கால் இவளைக் கேட்குமா கேட்காதா, இப்போது தெரியாது. உடம்பெல்லாம் கோழி எச்சம் நாறியது. அவளுக்கு எதிரில் தகரக் கதவு, விரலகலத் திறப்பு, அதற்கு அந்தப் பக்கம் வெயில், காற்று, ஆணியில் ஆடுகிற நீலச் சட்டை. கதவைத் தள்ளக் கை நீட்டினாள். நீட்டிய கை நின்றது. உள்ளே வரும்போதுதான் தட்டுவார்கள், வெளியே போகும்போது யாரும் தட்டமாட்டார்கள். விரலை மடக்கி, உள்ளேயிருந்து, தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டினாள். வெளியே இருப்பவர்கள் பதறாமல் கேட்டுக்கொள்ளட்டும் என்று ஒரு மூச்சு நேரம் நின்றாள். பிறகு வெளியே காலைத் தேய்த்து வைத்தாள்.